அறுவடை மெசின் புக்கிங்கைக் கிளவுட்டில் ஏற்றிய கதை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் எழுதிய அப் லப்டொப்பில் ஓடுகிறது. கூட்டாளிமாருக்குக் காட்டியாச்சு, எல்லோரும் நல்லாயிருக்கு என்றும் சொல்லியாச்சு. இனி அதை இணையத்தில் ஏற்றி உண்மையான ஆட்களின் கையில் கொடுக்க வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ படித்து முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கோட் எழுதத் தெரியும். சேர்வரை இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கிளவுட் தளத்தைத் திறந்தால் திரை முழுக்க பட்டன். எதை முதலில் அமுக்குவது?

ஒன்றையும் அமுக்க வேண்டாம், முதலில் ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள் என்பேன். கிளவுட்டில் நான் பட்ட அடிகளில் கோட் பிழையால் வந்தவை குறைவு. எது எங்கே இருக்க வேண்டும், எந்தச் சாவி (கடவுச்சொல் மாதிரி ஒரு இரகசியக் குறி) யாரிடம் இருக்க வேண்டும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் வரலாம் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்தாமல் ஏற்றியதால் வந்தவைதான் அதிகம்.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். சம்மாந்துறைப் பக்கம் அறுவடை மெசின் வாடகைக்கு விடும் ஒருவருக்கு நாங்கள் செய்துகொடுத்த புக்கிங் இது. போடியார்மார், அதாவது வயல்காரர்கள், தங்கள் வயல் எந்த வட்டையில் (வயற்பகுதியில்), எத்தனை ஏக்கர், எந்தக் கிழமை வெட்ட வேண்டும் என்று போனிலேயே பதிவார்கள். மெசின் வரும் நாளுக்கு முதல் நாள் எஸ்எம்எஸ் போகும். இரவில் அன்றைய கணக்கு முதலாளிக்குப் போகும். பெரும்போக வெட்டுக் காலத்தில் அடிபிடி, மற்ற மாதங்களில் ஈ ஓட்டலாம்.

முதலில் துண்டுகளை எண்ணுங்கள்

கொப்பியில் ஒவ்வொரு வேலையையும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இது கூப்பிட்டால் எழும்புவதா, எப்போதும் விழித்திருப்பதா, நேரத்துக்கு வந்து வேலையை முடித்துவிட்டுப் போவதா?

எங்கள் உதாரணத்தில் புக்கிங் தளம் கூப்பிட்டால் எழும்புவது. யாரும் திறக்காவிட்டால் அது தூங்கலாம். எஸ்எம்எஸ் அனுப்பும் துண்டு, நாங்கள் "அனுப்பி" என்போம், காத்திருக்கும் செய்திகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பது. இரவுக் கணக்கு வந்து போவது. டேட்டாபேஸ் தனி; அதை நாங்களே ஓட்டாமல் கிளவுட் தளத்திடமே வாடகைக்கு எடுத்தோம். ஆக எங்கள் கையில் மூன்று துண்டு, வாடகைக்கு ஒன்று.

எஸ்எம்எஸ்ஸை ஏன் பிரித்தோம்? எஸ்எம்எஸ் கம்பனியின் பக்கம் சில நேரம் மெதுவாகும். புக்கிங் தளமே எஸ்எம்எஸ்ஸையும் அனுப்பினால் அவர்கள் மெதுவாகும்போது போடியாரின் திரையும் சுற்றிக்கொண்டே நிற்கும். தளம் செய்தியை வரிசையில் போட்டுவிட்டு "பதிந்தாச்சு" என்று சொல்லிவிட வேண்டும். அனுப்புகிறவர் ஆறுதலாக எடுத்து அனுப்புவார்.

அதற்காக எல்லாவற்றையும் வெட்டிக் குவிக்கவும் கூடாது. லொகினுக்கு ஒரு சேவை, வட்டைப் பட்டியலுக்கு ஒரு சேவை என்று பன்னிரண்டாக்கினால் மூன்று பேர் உள்ள குழு அவற்றைப் பராமரிப்பதிலேயே முடிந்துபோகும். வேலை செய்யும் விதமோ, கூட்டம் வரும் நேரமோ வேறுபட்டால் மட்டும் பிரியுங்கள். பல சேவைகளை ஒழுங்குபடுத்தி ஓட்ட 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ் அருமையான சாமான்தான். ஆனால் மூன்று துண்டுக்கு அதை இறக்குவது வீட்டுத்தோட்டத்துக்கு அறுவடை மெசின் இறக்குவது போல. கூகுள் கிளவுட் ரன் மாதிரி, கோட்டைப் பெட்டியாகக் கட்டிக் கொடுத்தால் ஓட்டித்தரும் தளம் ஒன்று போதும். இந்தக் கட்டுரையில் எண்களைச் சொல்லும்போது அதை வைத்துத்தான் சொல்கிறேன். ஒழுங்கு எல்லாத் தளத்துக்கும் ஒன்றுதான்.

பெட்டி கட்டுதல்

2013இல் டொக்கர் வந்த பிறகு, கோட்டையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக, அதாவது இமேஜாகக் கட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டொக்கர்ஃபைல், அதாவது பெட்டியை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. அதில் பார்க்க வேண்டியவை சில.

அடி இமேஜின் (நம் பெட்டிக்கு அடித்தளமாக எடுக்கும் ஆயத்தப் பெட்டியின்) பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள். பைதன் என்று மட்டும் எழுதினால் இன்று ஒரு பைதன் வரும், ஆறு மாதம் கழித்து வேறொன்று வரும். அப்புறம், லைப்ரரிப் பட்டியலை முதலில் கொப்பி பண்ணி நிறுவிவிட்டு, கோட்டை அதற்குப் பிறகு கொப்பி பண்ணுங்கள். டொக்கர் அடுக்கடுக்காகச் சேமிக்கும். மாறாத அடுக்கைத் திரும்பக் கட்டாது. கோட்டை முதலில் போட்டால் ஒரு எழுத்தை மாற்றினாலும் எல்லா லைப்ரரியும் மறுபடி இறங்கும். ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதனால்தான் பெட்டியை வீட்டில் கட்டி ஏற்றுவதைவிட, கோட்டை கிட்டில் (கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தள்ளிவிட்டுக் கிளவுட்டிலேயே கட்டச் சொல்வது எனக்குப் பிடிக்கும். மாரி மழையில் கரண்ட் போனாலும் கட்டுவது நிற்காது. புது மெக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: அதன் சிப் ஏஆர்எம் வகை. அதில் சும்மா கட்டிய பெட்டியை இன்டெல் வகை சேர்வரில் போட்டால் தொடங்கும்போதே விழுந்துவிடும்.

பெட்டிக்கு ஒட்டும் சீட்டில் லேட்டஸ்ட் என்று எழுதாதீர்கள். எது லேட்டஸ்ட் என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது. கிட் கொமிட்டின், அதாவது அந்த மாற்றப் பதிவின், அடையாளத்தில் முதல் ஏழு எழுத்தை ஒட்டினால் ஓடுகிற பெட்டி எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்பது ஒரே பார்வையில் புரியும்.

பெயரும் இடமும்

எங்கள் பகுதிக் களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். களத்துக்கென்றே தனிப் பேச்சு உண்டு, அதற்கு அழகும் உண்டு. கிளவுட்டில் அந்த வழக்கம் உதவாது. சேவைகளுக்குச் சினிமா நடிகர் பெயரும் மீன் பெயரும் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு "கொடுவா விழுந்துட்டுது" என்று செய்தி வந்தால் எது விழுந்தது என்று யோசிக்கவே பத்து நிமிடம் போய்விடும். வேலை, துண்டு, சூழல் (நாங்கள் சோதிக்கும் பரீட்சையா, உண்மையான ஆட்கள் பாவிக்கும் நேரடியா) என்ற ஒழுங்கில் வையுங்கள்: வெட்டு-தளம்-பரீட்சை, வெட்டு-தளம்-நேரடி, வெட்டு-எஸ்எம்எஸ்-நேரடி. தளங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும் சிறுகோடும்தான் ஏற்கும், ஆகவே இதையே அந்த எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பரீட்சைக்கும் நேரடிக்கும் தனித்தனி புரொஜெக்ட் திறந்துவிடுங்கள். ஒரே புரொஜெக்டுக்குள் பெயரால் மட்டும் பிரித்தால், அழிக்கப் போகும்போது கை தவறும்.

அடுத்து ரீஜன், அதாவது சேர்வர்கள் இருக்கும் பகுதி. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுக்கும் இலங்கைக்குள் ரீஜன் கிடையாது. கிட்டடியில் மும்பையும் சிங்கப்பூரும். மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையும் உண்டு. எது வேகம் என்பது உங்கள் இணைய இணைப்பு எந்த வழியால் போகிறது என்பதைப் பொறுத்தது. கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ இருந்துகொண்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். முக்கியமானது வேறு: சேவையும் டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் திறக்க முப்பது தடவை டேட்டாபேஸைக் கேட்கிற தளம், ஒவ்வொரு கேள்விக்கும் மும்பையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய் வந்தால் என்னவாகும்? டேட்டாபேஸின் இடத்தைப் பிறகு மாற்றுவது வீடு மாறுவதைவிடக் கஷ்டம், ஆகவே அதை முதலில் தீர்மானியுங்கள்.

அமைப்புகள்: இங்கேதான் நான் விழுந்தேன்

பரீட்சையிலும் நேரடியிலும் ஓடுவது ஒரே பெட்டி. இரண்டுக்கும் இடையில் மாறுவது அமைப்புகள் மட்டும்: எந்த டேட்டாபேஸ், எந்த எஸ்எம்எஸ் கணக்கு, எந்த முகவரி. அவை கோட்டுக்குள் இருக்கக் கூடாது. சேவை தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். என்வயர்மென்ட் வேரியபிள் என்பது இதற்குத்தான்.

இதை நான் படித்திருந்தேன். செய்யவும் செய்தேன். பரீட்சைச் சூழலைத் திறந்தபோது மட்டும் சோம்பலில் நேரடியின் அமைப்புகளை அப்படியே கொப்பி பண்ணினேன். டேட்டாபேஸ் முகவரியை மாற்றினேன். எஸ்எம்எஸ் சாவியை மாற்றவில்லை. பரீட்சை டேட்டாபேஸில் சோதனைக்கென்று போட்டிருந்தது உண்மையான பதிவுகளின் பிரதி. பின்னேரம் அனுப்பியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

விடிய ஏழரைக்கு ஒரு போன்.

"மகன், ஏழு மணியிலருந்து வரம்புல நிக்கிறன். ஆக்களையும் கூட்டி வந்திட்டன். மெசின் எங்க மகன்?"

பரீட்சையின் அனுப்பி, நேரடியின் சாவியால், பழைய பதிவுகளில் இருந்த உண்மையான ஆட்களுக்கே எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது. அவருக்கு அன்று மெசின் இல்லை. அவர் வயல் வெட்டி இரண்டு கிழமை. மிச்சமிருந்த ஒரு சின்னத் துண்டுக்குத்தான் மெசின் வருகிறதாக்கும் என்று நினைத்து, மூடை கட்ட ஆள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மற்ற ஆட்களுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டு முடிக்கப் பகல் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மாற்றாமல் பின்பற்றும் ஒழுங்கு இது. சாதாரண அமைப்பு, இரகசியம் என்று இரண்டு பட்டியல். மொழி, நேர வலயம், பக்கத்துக்கு எத்தனை பதிவு போன்றவை சாதாரணம். அவை கிட்டில் ஒரு கோப்பாக இருக்கலாம். கடவுச்சொல், எஸ்எம்எஸ் சாவி, டேட்டாபேஸ் இணைப்பு இவை இரகசியம். தளத்தின் சீக்ரெட் பெட்டகத்தில் மட்டும். பரீட்சைக்கும் நேரடிக்கும் ஒரு சாவியும் பொதுவாக இருக்கக் கூடாது. எந்தச் சூழல் என்று சொல்லும் ஒரு அமைப்பு கட்டாயம். அது "நேரடி" என்று இல்லாவிட்டால் அனுப்பி எங்கள் குழுவின் போன் எண்களைத் தவிர வேறு எதற்கும் அனுப்பாது. தேவையான அமைப்பு ஒன்று வராவிட்டால் சேவை தொடங்காமலே நின்று, எது வரவில்லை என்று பெயரைச் சொல்ல வேண்டும். தானாக ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு ஓடுகிற சேவைதான் ஆபத்து.

சாவி ஒன்று தவறுதலாகக் கிட்டில் ஏறிவிட்டால் அந்த வரியை அழிப்பதால் பயனில்லை, பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். சாவியையே மாற்றுங்கள். மாற்றிய பிறகு சேவையை ஒருமுறை திரும்ப டிப்ளோய் பண்ணவும், அதாவது ஏற்றவும் வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவை தொடங்கும்போது வாங்கிய பழைய சாவியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

உண்மையான ஆட்களின் விபரத்தைப் பரீட்சையில் வைத்ததும் என் பிழைதான். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணும் போன் எண்ணும் விளையாட்டுச் சாமான் இல்லை. சோதனைக்குப் பொய்ப் பெயர்கள் போதும். லொக்கிலும் (சேவை ஓடும்போது எழுதும் குறிப்புகள்) உண்மையான எண்களை எழுதவே வேண்டாம்.

எண்கள்

ஒவ்வொரு சேவைக்கும் கிளவுட் தளம் சில எண்கள் கேட்கும்: மெமரி எவ்வளவு, குறைந்தது எத்தனை இன்ஸ்டன்ஸ் (ஒரே பெட்டியின் ஓடும் பிரதி), கூடியது எத்தனை. பலர் இருந்தபடியே விட்டுவிடுவார்கள்.

மெமரி கிளவுட் ரன்னில் தன்பாட்டில் 512 எம்பி. எங்கள் தளத்துக்கு அது போதும். இரவுக் கணக்கு பிடிஎஃப் கட்டும்போது போதவில்லை. லொக்கில் 137 என்ற எண்ணோடு ஒன்று செத்திருந்தால், பெரும்பாலும் மெமரி மிஞ்சி வெளியிலிருந்து கொல்லப்பட்டது என்று அர்த்தம்.

கூடிய எண்ணிக்கைதான் புதியவர்கள் சறுக்கும் இடம். கூட்டம் வந்தால் கிளவுட் தளம் தானாக இன்ஸ்டன்ஸைக் கூட்டும், நல்லதுதானே, 20 போடுவோம் என்று நினைப்போம். ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் டேட்டாபேஸுக்கு 10 இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் என்று வையுங்கள். 20ஐ 10ஆல் பெருக்கினால் 200. நாங்கள் பாவிக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன்பாட்டில் ஏற்பது 100 இணைப்புத்தான். வாடகைக்கு எடுக்கும் சின்ன டேட்டாபேஸ்களில் அதைவிடவும் குறைவு. ஆக, கூட்டம் கூடக் கூடத் தளம் இன்ஸ்டன்ஸைக் கூட்டும், டேட்டாபேஸ் கதவைச் சாத்தும், எல்லோருக்கும் பிழைச்செய்தி போகும். வாய்க்காலில் வருகிற தண்ணீர் அவ்வளவுதான். மதகைக் கூட்டினால் தண்ணீர் கூடாது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். நாங்கள் கூடியது 8 இன்ஸ்டன்ஸ், ஒன்றுக்கு 8 இணைப்பு என்று வைத்தோம். 64. மிச்சம் அனுப்பிக்கும், இரவுக் கணக்குக்கும், அவசரத்தில் உள்ளே போய்ப் பார்க்க எங்களுக்கும்.

குறைந்த எண்ணிக்கையை 0 என்று வைத்தால் ஆள் வராத நேரம் காசு ஓடாது. முதல் ஆளுக்குச் சில செக்கன் தாமதம். வெட்டுக் காலத்தில் 1, மற்ற நேரம் 0.

கதவும் நாடித்துடிப்பும்

லப்டொப்பில் ஓடியது கிளவுட்டில் எழும்பவே இல்லையா? பத்துக்கு ஆறு தடவை போர்ட் (சேவைக்குள் வரும் கதவின் எண்) பிரச்சினைதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கிளவுட் ரன் சேவைக்கு ஒரு போர்ட் எண்ணைச் சொல்லும், வழமையாக 8080. உங்கள் கோட் அந்த எண்ணை அமைப்பிலிருந்து வாசிக்க வேண்டும். அதோடு 127.0.0.1 என்ற முகவரியில் காது கொடுத்தால் பெட்டிக்குள்ளிருந்து வருவது மட்டும்தான் கேட்கும், 0.0.0.0 என்று கொடுங்கள்.

சேவை உயிரோடு இருக்கிறதா என்று கிளவுட் தளம் கேட்கும் முகவரியில் "இருக்கிறேன்" என்று 200ஐ (எல்லாம் சரி என்ற குறி) திருப்பினால் போதும். அங்கே டேட்டாபேஸையும் சோதிக்காதீர்கள். டேட்டாபேஸ் அரை நிமிடம் மெதுவானால் நல்லாயிருக்கும் இன்ஸ்டன்ஸ் எல்லாவற்றையும் தளம் செத்ததென்று எண்ணிக் கொன்றுவிடும்.

நிறுத்தும்போதும் முன்கூட்டியே ஒரு சைகை வரும். கிளவுட் ரன் அதற்குப் பிறகு 10 செக்கன் தரும், குபர்நெட்டிஸ் தன்பாட்டில் 30. கையில் இருக்கிற எஸ்எம்எஸ்ஸை முடித்துவிட்டு, புதிதாக எடுக்காமல் நிற்கும்படி அனுப்பியை எழுதுங்கள்.

சின்னச் சின்னதாகச் சில

சேர்வரின் மணிக்கூடு யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு அதைவிட ஐந்தரை மணித்தியாலம் கூட. காலை ஆறு மணிக்கு ஒரு வேலை ஓடட்டும் என்று 6 என்று எழுதினால் பகல் பதினொன்றரைக்குத்தான் ஓடும். வேலை ஓடும் நேரத்தைச் சொல்லும் கிரோன் வரி "30 0 * * *" என்றிருக்க வேண்டும், அல்லது தளத்தில் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவு செய்யுங்கள்.

வயல் படங்களை இன்ஸ்டன்ஸின் உள்ளே சேமிக்காதீர்கள். அடுத்த டிப்ளோயில் காணாமற்போய்விடும். அதற்கென்று இருக்கும் பக்கெட்டில் போடுங்கள்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு செய்திக்கு 70 குறிதான்; ஆங்கிலத்துக்கு 160. அதுவும் "மெசின்" நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஆறு: கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனிக் குறி. செய்தி வாசகத்தை அமைப்பாக வெளியே வைத்திருந்தால், நீளத்தைக் குறைக்க ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டத் தேவையில்லை.

ஒவ்வொரு சேவைக்கும் தனி அடையாளம் கொடுங்கள், தேவையான அனுமதி மட்டும். எஸ்எம்எஸ் அனுப்பிக்கு ஏன் பதிவுகளை அழிக்கும் உரிமை?

ஏற்றுவது

இவ்வளவும் கொப்பியில் இருந்தால் ஏற்றுவது அரை மணித்தியால வேலை. முதல் தடவை கையால் பட்டன் அமுக்கிச் செய்யுங்கள், எது எங்கே இருக்கிறது என்று விளங்கும். இரண்டாம் தடவையிலிருந்து எல்லாம் ஒரு கோப்பில் எழுதி, கிட்டில் வைத்து, அங்கிருந்து போக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் யார் எந்த எண்ணை மாற்றினார் என்று கேட்டால் கோப்பு பதில் சொல்லும், பட்டன் சொல்லாது.

புதுப் பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும். அதனால் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நிரலின் (கொலத்தின்) பெயரை மாற்ற வேண்டுமென்றால் ஒரே அடியில் மாற்றாதீர்கள். புது நிரலைச் சேருங்கள், கோட்டை அதற்கு மாற்றுங்கள், எல்லாம் ஓடுகிறதென்று கண்ட பிறகு பழையதை எடுங்கள். மூன்று டிப்ளோய்.

முடிந்தால் முதலில் பத்து வீதம் ஆட்களை மட்டும் புதுப் பதிப்புக்கு அனுப்பிப் பாருங்கள். பிழையென்றால் முந்திய பதிப்புக்குத் திருப்புவது ஒரு நிமிட வேலை. ஒன்று நினைவிருக்கட்டும்: கிளவுட் ரன்னில் பழைய பதிப்புக்குத் திரும்பினால் அமைப்புகளும் பழையதாகவே திரும்பும். இடையில் நீங்கள் மாற்றிய எண்ணும் போய்விடும்.

காசும், வெட்டு முடிந்த பிறகும்

பில் டொலரில் வரும். கணக்குத் திறந்த அன்றே பட்ஜெட் எச்சரிக்கை போட்டு, பாதி எட்டினால் ஒரு மெயில், முழுவதும் எட்டினால் இன்னொன்று என்று வையுங்கள். அது எச்சரிக்கை மட்டும்தான், செலவை நிறுத்தாது. நிறுத்துவது நீங்கள் கூடியது 8 என்று போட்ட எண்தான்.

மார்ச் கடைசியில் வயலெல்லாம் வெறுமையானதும் நாங்கள் குறைந்த எண்ணிக்கையை 0 ஆக்கிவிட்டு, அனுப்பியை நிறுத்தினோம். புக்கிங் தளத்துக்கு அதன்பிறகு செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் பில் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. பார்த்தால் டேட்டாபேஸ்: அது ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கணக்கில் காசு வாங்கும். பிரதி எடுத்து வைத்துவிட்டு அதையும் நிறுத்தலாம், சேமிப்பு இடத்துக்கான காசு மட்டும் ஓடும். அமேசானின் வாடகை டேட்டாபேஸான ஆர்டிஎஸ் என்றால் கவனம், நிறுத்தி 7 நாள் போனதும் தானாக எழும்பிவிடும். சிறுபோக வெட்டு ஓகஸ்ட் அளவில் தொடங்கும். ஜூலைக் கடைசிக் கிழமையில் டேட்டாபேஸை எழுப்பி, 0ஐ 1 ஆக்கி, எங்கள் எண்ணுக்கே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்பது என்று கலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.